ஜன்னலில் தெரிந்த கிடா

தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, இப்போது பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிற என் வயதுக்காரர்களுக்கு இதை எழுதுகிறேன். படிக்க வராதவர்கள் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஏன் நின்றாய் என்று யாரும் கேட்டதில்லை. தோட்டத்தில் ஒரு ஆடு காணாமல் போனால் நாலு பேர் விசாரிப்பார்கள். பெண்பிள்ளையின் படிப்பு காணாமல் போனால் விசாரிக்க மாட்டார்கள்.

இந்த வருடம் என் இளைய மகள் கேட்டாள், வேறு வார்த்தையில்.

அவள் நம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறாள். டீச்சர் வேலை இல்லை. பயந்து நடுங்குகிற பிள்ளைகள், வாசலைத் தாண்டாத பிள்ளைகள், சோதனைத் தாளைப் பார்த்தால் வாந்தி எடுக்கிற பிள்ளைகள் என்று இருப்பார்கள் அல்லவா, அவர்களுக்கென்று அங்கே ஒரு சின்ன அறை. ஆலோசனை சொல்லுகிற டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவருக்குக் கீழே இவள் துணைக்கு. கைக்கு வருவது பஸ் காசுக்குத்தான் சரி. உளவியல் படிக்கவேண்டும் என்று எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். இதுதான் முதல் படி என்கிறாள்.

அவள் அப்பாவுக்கு இது பிடிபடவில்லை.

“பைத்தியக்கார டாக்டரு வேலைக்கா படிக்கப் போற?”

“பைத்தியத்துக்கு இல்லப்பா. பயத்துக்கு.”

“பயத்துக்கு எதுக்கு டாக்டரு? திருநீறு பத்தாதா?”

நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

அன்றைக்கு மகள் தன்னிடம் வருகிற ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். மூன்றாம் வகுப்பு, பெண்பிள்ளை. இடைவேளை மணி அடித்தால் மற்ற பிள்ளைகள் விளையாடப் போகும். இது வீட்டுக்கு ஓடும். கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும். சில நாள் பாடம் நடக்கும்போதே ஓடும். அதன் அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகப் போகிறாள். லயத்தில் எல்லாருக்கும் தெரியும். பிள்ளைக்கு மட்டும் சொல்லவில்லை.

என் மகள் அதை உட்காரவைத்து, மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அது இழுத்து விட்டதாம். பிறகு சொன்னதாம்: “மூச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு மிஸ். வீட்டுலதான் அம்மா இருக்காங்களான்னு தெரியல.”

மகள் அதைச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்.

“அம்மா, சின்னப் புள்ளையில நீங்க எதுக்குப் பயந்தீங்க?”

“அட்டைக்கு” என்றேன்.

அது பொய். இனிமேல் வருவது உண்மை.

*

நமுனுகுல மலைக்குக் கீழே எங்கள் தோட்டம். வரிசையாகக் காம்பிராக்கள், காம்பிராவுக்கு ஒரு குடும்பம். லயம் என்றால் அவ்வளவுதான். லயத்துக்கு மேலே ஒரு மேடு. அதில் பள்ளிக்கூடம். தகரக் கூரை போட்ட ஒரே மண்டபம், எல்லா வகுப்புக்கும் ஒரே வாத்தியார். லயத்துப் பக்கம் பார்த்தபடி ஒரு ஜன்னல். மழை பெய்தால் வாத்தியார் வாய் அசைவது மட்டும் தெரியும்.

அது கப்பல் காலம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இந்த நாட்டு அரசாங்கமும் இந்திய அரசாங்கமும் பேசி முடித்து, நம் ஆட்களில் ஒரு பங்கை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். லொறியில் பதுளைக்கு. அங்கேயிருந்து கோச்சியில், அதாவது ரயிலில், தலைமன்னாருக்கு. பிறகு கப்பல்.

போகிற நாளை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கண்ணூறு படும், பயணம் தடங்கலாகும், கப்பலில் பிள்ளைக்கு வயிற்றால் போகும் என்பார்கள். வாசலில் இறங்குகிறவரைப் பார்த்து எங்கே போகிறீர்கள் என்றுகூடக் கேட்காத சனம் நாம். கப்பல் பயணத்தைச் சொல்லுவோமா? லொறி வருவதும் காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டு முடிந்த பிறகுதான். பெரியவர்கள் வேலை பிரித்துக்கொண்டு மலைக்குப் போயிருப்பார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். போகிறவர்கள் அழுகை இல்லாமல் போய்விடலாம்.

திரும்பி வந்து பார்த்தால் ஒரு காம்பிராக் கதவு திறந்து கிடக்கும்.

பக்கத்துக் காம்பிராவில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். ஒரே வகுப்பு. ஒரு சிலேட்டுக் குச்சியை உடைத்து இரண்டு பேரும் எழுதுவோம். ஒரு நாள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தோம். அவள் மாமன் வாசலில் வந்து நின்று கையைக் காட்டினார். அவள் சிலேட்டை வாங்குப் பலகைக்குக் கீழே தள்ளிவிட்டு எழுந்தாள். இந்தா வந்துவிடுகிறேன் என்று என்னிடம் கண்ணைக் காட்டினாள். ஒன்றுக்குப் போகிறவள் மாதிரித்தான் போனாள்.

பள்ளிக்கூடம் விட்டது. அவள் வரவில்லை. சிலேட்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. சாமிப் படம் இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக இருந்தது. அடுப்புக்குள்ளே அவர்கள் நாய் சுருண்டு படுத்திருந்தது. நான் அடுப்பில் கை வைத்துப் பார்த்தேன். சாம்பல் இன்னும் சுட்டது.

அந்தச் சூடு இன்றைக்கும் கையில் இருக்கிறது.

அன்றைக்கு அம்மா மலையிலிருந்து வந்ததும் கேட்டேன்.

“நாம எப்பம்மா போறோம்?”

அம்மா கையால் என் வாயைப் பொத்தினாள். கொழுந்துக் கறை படிந்த கை, கசப்பு வாடை. “வாய மூடு. பயணத்தப் பத்திப் பேசக் கூடாது.”

போகவில்லை என்றால் போகவில்லை என்று சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். வாயைப் பொத்தியதால் போகிறோம் என்று முடிவு செய்துகொண்டேன். அந்தப் பெண்ணைக் கூப்பிடவாவது மாமன் இருந்தார். எனக்கு மாமன் இல்லை. என்னை யார் வந்து கூப்பிடுவது?

*

மறுநாளிலிருந்து பள்ளிக்கூட வாசலில் வயிறு கலக்க ஆரம்பித்தது. கை குளிர்ந்துபோகும். காதுக்குள் லயத்துப் பீலிக் குழாயில் தண்ணீர் கொட்டுகிற மாதிரி சத்தம். வாத்தியார் கரும்பலகையில் எழுதுவதைப் பார்ப்பேன். எழுத்து எழுத்தாகத் தெரியாது, கோடாகத் தெரியும். கீழே ரோட்டில் எந்த லொறி முனகினாலும் அது எங்கள் வாசலில்தான் நிற்கிறது.

எழுந்து ஓடிவிடுவேன். வீட்டுக்குப் போய்க் கதவுக் கொண்டியைத் தூக்கிப் பார்ப்பேன். பித்தளைக் குடம் இருக்கிறதா? இருக்கிறது. அப்பாவின் டிரங்குப் பெட்டி இருக்கிறதா? இருக்கிறது. அதற்குப் பிறகுதான் மூச்சு வரும். திரும்பிப் போனால் பிரம்பு.

“வயித்து வலியா ஒனக்கு?” என்பார் வாத்தியார். “படிக்கச் சொன்னா வலிக்கும். பெரட்டுக் களத்துல கொண்டுபோய் நிறுத்துனா சரியாப் போயிரும்.”

பிள்ளைகள் சிரிக்கும். அவர் கெட்ட மனுசர் இல்லை. மதியத்தில் தன் ரொட்டியைப் பிய்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர். பயத்தைப் பார்த்தால் அவருக்குச் சோம்பல் மாதிரித் தெரிந்தது. அவ்வளவுதான்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேறு மாதிரித் தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாதையில் ஒரு முடக்கு. அந்த வளைவில் ஒரு அத்தி மரம், மரத்தடியில் முனி. மத்தியான நேரத்தில் நான் தனியாக ஓடி வருவதைப் பார்த்தவர்கள், முனி அடித்துவிட்டது என்றார்கள்.

பூசாரி வந்தார். என்னை ஈரத் துணியோடு உட்காரவைத்தார்கள். உடுக்குச் சத்தம் பல்லுக்குள் இறங்கியது. சாம்பிராணிப் புகையில் அம்மாவைத் தேடினேன், தெரியவில்லை. பூசாரி என் தலைமயிரைப் பிடித்து முகத்துக்கு நேரே குனிந்தார்.

“சொல்லு. எப்பப் போற? எப்பப் போற நீ?”

எனக்கு உயிர் போய்விட்டது. இவருக்கும் தெரிந்திருக்கிறது. நாள் வரைக்கும் குறித்துவிட்டார்கள்.

“நான் போகமாட்டேன்!” என்று கத்தினேன். “போகமாட்டேன், போகமாட்டேன்!”

“பாத்தியா, போகமாட்டேங்குது” என்றார் பூசாரி. வேப்பிலையால் இன்னும் நாலு போட்டார்.

எல்லாம் முடிந்த பிறகு அப்பா பூசாரியிடம் காதோடு என்னவோ சொன்னார். பூசாரி தலையை ஆட்டினார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கழுத்தில் ஒரு தாயத்து விழுந்தது. மறுநாளும் ஓடினேன்.

*

ஓடுகிற என்னைப் பிடித்து வர வாத்தியார் ஒரு ஆளை வைத்திருந்தார். ஐந்தாம் வகுப்பு அக்கா, மானிட்டர். நெட்டையாக இருப்பாள். மேல்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். கையைப் பிடித்தால் குரங்குப்பிடி. இழுத்துக்கொண்டுபோய் வாங்கில் உட்காரவைத்துவிட்டுப் போவாள், பேச மாட்டாள்.

ஒரு நாள் அவள் இழுக்கவில்லை. பின்னாலேயே வந்து எங்கள் வாசலில் நின்று, நான் செய்வதையெல்லாம் பார்த்தாள். பிறகு பீலிப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தாள்.

“உள்ள என்னாடி பாக்குற?”

“குடத்த.”

“குடத்த எதுக்குப் பாக்குற?”

சொன்னேன். முதல் தடவையாக ஒருத்தர் கேட்டதால் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. உடைந்த பல்லை நாக்கால் தடவிக்கொண்டே யோசித்தாள்.

“ஒங்கப்பா கிடாவ வித்துட்டாரா?”

“இல்ல. அந்தா நிக்குதுல்ல.”

எங்களிடம் ஒரு வெள்ளைக் கிடா இருந்தது. லயத்துக்குப் பக்கத்து மேட்டில் முளையடித்துக் கட்டியிருப்பார் அப்பா.

“அப்புறம் எதுக்குடி பயப்படுற? ஆட்ட விக்காம எவனாச்சும் லொறி ஏறுவானா? மொதல்ல கோழிய விப்பாங்க, அப்புறம் ஆட்ட விப்பாங்க, அதுக்கப்புறந்தான் பெட்டியக் கட்டுவாங்க. கப்பல்ல ஆட்ட ஏத்துனா கப்பக்காரன் வைவான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

அன்றைக்கே அவள் வாத்தியாரிடம் போய், “சேர், இவளுக்குக் கண்ணு மங்கலாம். வெளிச்சத்துல உக்காரட்டும்” என்று கூசாமல் பொய் சொன்னாள். என்னை ஜன்னல் பக்கம் மாற்றினார்கள். அங்கேயிருந்து பார்த்தால் மேடு தெரியும். மேட்டில் கிடா தெரியும்.

மூடுபனி இறங்கினால் தெரியாது. நமுனுகுலயில் மூடுபனி இறங்காத நாள் ஏது? அதற்கும் அவளே வழி கண்டுபிடித்தாள். ஒரு பால் டின்னைக் குப்புறக் கவிழ்த்துத் துளைத்து, உள்ளே ஒரு பழைய சுரையாணியைக் கட்டித் தொங்கவிட்டாள். அதைக் கிடாவின் கழுத்தில் மாட்டினோம். அது மேயும்போது டொங்கு டொங்கு என்று கேட்கும்.

“பனி வந்தா காதால பாரு” என்றாள்.

பார்த்தேன். வயிறு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. எழுத்து எழுத்தாகத் தெரிய ஆரம்பித்தது. ஒரு வரி வாசிப்பேன், ஜன்னலைப் பார்ப்பேன். மறுபடி ஒரு வரி. இப்போது இதை எழுதுகிற எழுத்தெல்லாம் அந்த ஜன்னலில் படித்ததுதான். வாத்தியார்கூட ஒரு நாள் என் சிலேட்டைத் தூக்கிப் பிள்ளைகளுக்குக் காட்டினார்.

நான் ஓடுவதை விட்டுவிட்டேன். அம்மா தாயத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். லயமே சொன்னது, பிள்ளைக்குக் குணமாகிவிட்டது என்று.

*

அன்றைக்குக் காலையிலேயே பனி. வாத்தியார் சொல்வதெழுதல் கொடுத்துக்கொண்டிருந்தார். பாதியில் எனக்குத் தோன்றியது, சத்தம் கேட்கவில்லையே என்று.

படுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு சொல் எழுதினேன். கேட்கவில்லை. அக்காவைப் பார்த்தேன். அவள் இடம் காலி. அன்றைக்கு அவள் வரவில்லை.

பனி கொஞ்சம் விலகியது. மேடு தெரிந்தது. முளை தெரிந்தது. முளையில் கயிறு மட்டும் கிடந்தது.

எழுந்தது ஞாபகம் இல்லை. வாத்தியார் கத்தியது ஞாபகம் இருக்கிறது.

வீட்டுக் கொண்டியைத் தூக்கினேன். பித்தளைக் குடம் இல்லை. பெரிய பானை இல்லை. சுருட்டிவைத்த பாய் இல்லை. பெட்டியைப் பார்க்கவே தோன்றவில்லை. அடுப்பில் கை வைத்தேன். சாம்பல் சுட்டது.

“அம்மா” என்று கூப்பிட்டேன். லயத்தில் யாரும் இல்லை. அடுத்த காம்பிராவிலிருந்து அந்த நாய் மட்டும் எட்டிப் பார்த்தது.

குறுக்குப் பாதையில் லொறி ரோட்டுக்கு ஓடினேன். ரோட்டில் ஈரத்தில் சக்கரத் தடம் இருந்தது. தேயிலை லொறியின் தடம். எனக்கு அது எங்கள் லொறி. அதைப் பிடித்துக்கொண்டு பதுளைப் பக்கம் ஓடினேன். மழை பிடித்தது. தடம் கரைந்தது. பனியில் ரோட்டுக்கு எது மேல், எது கீழ் என்று தெரியாமல் போயிற்று. தேயிலைக்குள் இறங்கினேன். செடியின் வாது காலைக் கிழித்தது. காலெல்லாம் அட்டை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிக்கொண்டது. கடைசியில் தண்ணீர் வடிகிற ஒரு காணுக்குள் குந்திக்கொண்டேன். கோச்சி போய்விட்டிருக்கும், கப்பலும் போய்விட்டிருக்கும், இனி நான் யார் வீட்டுப் பிள்ளை என்று நினைத்தேன்.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சத்தம். டொங்கு டொங்கு.

கிடா வருகிறது என்று நினைத்தேன். அக்கா வந்தாள். கையில் அந்த டின்னை ஆட்டிக்கொண்டே ரோட்டில் வந்தாள். காய்ச்சலாகப் படுத்திருந்தவள், கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தாள்.

“ஒங்க வீட்டு ஆளுங்க எல்லாம் முனி மரத்துப் பக்கம் தேடுறாங்கடி. புள்ள ரோட்டுக்குத்தான் போயிருப்பான்னு சொன்னேன். பெரியவங்க பேச்சுக்கு நடுவுல வராதன்னுட்டாங்க” என்றாள். “ஒங்கம்மா போகல. ஒங்கப்பாவும் போகல. எந்திரி.”

“கிடா?”

அவள் என் காலுக்குக் குனிந்துவிட்டாள். அட்டையைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போனால் ஆள் கூட்டம். பெரிய பானையில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அப்பா பூசாரியின் காதில் சொன்னது நேர்த்தி. பிள்ளை குணமானால் கிடாவைக் கொடுக்கிறேன் என்று முனிக்குச் சொல்லியிருக்கிறார். பிள்ளை குணமாகிவிட்டது. கொடுத்துவிட்டார்கள். குடமும் பானையும் பாயும் முனி மரத்தடிக்குப் பொங்கப் போயிருந்தன. ஆசையாக வளர்த்த கிடா, வெட்டுவதைப் பார்த்தால் பிள்ளை அழும் என்று எனக்கு மட்டும் சொல்லவில்லை.

கிடாவைப் பார்த்துக்கொண்டுதான் குணமானேன். குணமானதற்குக் கிடாவை வெட்டினார்கள்.

அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஊட்டினாள். “சாமி கறி. தின்னு ஆத்தா. பயமெல்லாம் போயிரும்.”

தின்றேன். பசி.

*

பூசாரி கணக்குச் சொன்னார்: முனிக்குத் திருப்தி இல்லை, பள்ளிக்கூடப் பாதையை விட்டு அது நகராது. அப்பா என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“இனி அங்க அனுப்ப வேணாம். உசுரு இருந்தாப் போதும்.”

வேலைக்குப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விடுகிற பிள்ளைக் காம்பிராவில், அப்போது குழந்தையாக இருந்த தம்பியைப் பார்த்துக்கொள்ளப் போனேன். அதற்குப் பிறகு கொழுந்துக்கு. என் படிப்பு நின்ற கதை இதுதான். அப்பா அடிக்கவில்லை, வையவில்லை. என் உயிருக்குப் பயந்துதான் நிறுத்தினார்.

கொஞ்ச நாள் கழித்து அக்கா பிள்ளைக் காம்பிரா வேலியோரம் வந்து நின்றாள்.

“நாளைக்கு எங்களுக்கு லொறி வருது” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “சொல்லாத அக்கா. சொன்னா தடங்கல் வரும்.”

“வந்தா வரட்டும். இங்கயே இருந்துட்டுப் போறேன்.” உடைந்த பல் தெரியச் சிரித்தாள். “ஒங்கிட்ட சொல்லாமப் போனா நீ எந்தக் காணுக்குள்ள குந்தியிருப்பியோ.”

அவள் அண்ணன் அதைக் கேட்டுவிட்டான். வேலியோரத்திலேயே அவளுக்கு ஒரு அறை விழுந்தது. கன்னத்தைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

மறுநாள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டில் போய் நின்றேன். லொறியில் மூட்டைக்கு மேலே உட்கார்ந்திருந்தாள். பால் டின்னை அவள் கையில் கொடுத்தேன். முன்னே போன பக்கத்துக் காம்பிராப் பெண்ணின் சிலேட்டையும் கொடுத்து, கப்பலில் பார்த்தால் கொடு என்றேன். கப்பல் எவ்வளவு பெரியது என்று எனக்கு அப்போது தெரியாது. அவள் வாங்கிக்கொண்டாள்.

லொறி நகர்ந்தது. அவள் டின்னை ஆட்டினாள். முதல் முடக்கு, டொங்கு டொங்கு. இரண்டாவது முடக்கு, கொஞ்சமாய். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கேட்கவில்லை. அவள் எந்த இடத்தில் இல்லாமல் போனாள் என்று எனக்குத் தெரியும்.

அழுதேன். தம்பியும் கூட அழுதான். ஆனால் வயிறு கலக்கவில்லை. கை குளிரவில்லை. அழுகை வேறு, பயம் வேறு. அன்றைக்குத்தான் இரண்டையும் பிரித்துப் பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நாங்கள் இந்தியாவுக்கு மனுவே போடவில்லை. எனக்குக் கல்யாணமான பிறகுதான் அது தெரிந்தது. “நாம எங்க போறதா இருந்தோம்? ஒனக்கு யாரு சொன்னது?” என்றாள் அம்மா. “ஒங்கிட்டதானே கேட்டேன்” என்றேன். “பயணப் பேச்சு ஆகாதுன்னுதானே சொன்னேன்” என்றாள்.

*

இதையெல்லாம் என் மகளிடம் சொன்னேன். அவள் குறித்துக்கொள்ளவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நானும் ஆலோசனை டீச்சரும் அந்த ஓடுற புள்ளையோட அம்மாகிட்ட சொல்லிப் பாத்துட்டோம்மா” என்றாள் பிறகு. “புள்ளகிட்ட சொல்லிட்டுப் போங்கன்னு. கேக்க மாட்டேங்கறாங்க. பள்ளிக்கூடத்துல இருக்கறப்போ வேன் ஏறிரலாம்னு இருக்காங்க.”

வேன். அந்தக் காலத்தில் லொறி.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகிற பாட்டி, அதாவது வெளிநாடு போகிறவளின் தாய், என்னோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்த கூட்டாளி. மகளைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பெட்டி சீலைக்குக் கீழே ஒளித்துவைத்திருந்தது. கால்கள் தெரிகிற மாதிரி ஒளிந்துகொள்ளும் பிள்ளையைப் போல.

“சொன்னா அழும்டி” என்றாள் கூட்டாளி. “அழுகைக்கு நடுவுல எறங்குனா பயணம் சுகப்படுமா?”

“அழட்டும்.”

“நீ சொல்லிருவ. நாந்தானே அதோட கெடக்கணும்.”

“அதுக்குத்தான் சொல்றேன். சொல்லாமப் போனா அது தெனமும் ஓடும். நீ தெனமும் தேடுவ. எங்கப்பா வெட்டுன கிடா ஞாபகம் இருக்கா ஒனக்கு?”

“ரெண்டு தடவ குழம்பு ஊத்திக்கிட்டேனே.” சிரித்தாள்.

“அதுக்கு மேல நான் படிக்கல.”

சிரிப்பு நின்றது. அவளும் அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பின்னால் வாங்கில் இருந்தவள்தான். அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகிறவள் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

“எனக்கும் பயந்தான் பெரியம்மா” என்றாள் என்னிடம். “அது மூஞ்சியப் பாத்தா நான் போகமாட்டேன்.”

என் மகள் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “சொல்லும்போது நானும் இருக்கேன்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

சொன்னார்கள். பிள்ளை அலறியது. லயத்துக்கே கேட்டது. சோறு தின்னவில்லை. பெட்டியைத் திறந்து உள்ளே உட்கார்ந்துகொண்டது. வேன் வந்த காலையில் ரோட்டில் நின்று, அம்மாவின் சேலையை விரல் விரலாகப் பிரித்துத்தான் எடுத்தோம். நாம் செய்தது சரியா என்று எனக்கே பயமாகத்தான் இருந்தது. கூட்டாளி என் பக்கம் திரும்பவே இல்லை.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. மறுநாள் போனது. இடைவேளை நேரத்தில் என் மகள் வாசலில் போய் நின்றிருக்கிறாள். எப்போதும் ஓடி வருகிற பிள்ளை, தடுக்கக்கூடாது, கூடவே நடந்து போய்வரலாம் என்று. மணி அடித்தது. பிள்ளை வந்தது, ஓடித்தான் வந்தது.

வாசலில் வந்து நின்றதாம். ரோட்டைப் பார்த்ததாம்.

“மிஸ், எங்கம்மா வீட்டுல இல்ல” என்றதாம். “போயிட்டாங்க. நான் பாத்தேன்.”

மூக்கைத் துடைத்துக்கொண்டு, திரும்பி விளையாடப் போய்விட்டதாம்.